ஏரிக்கரைக்கு நான் போகாத கோடை

அந்தக் கோடை விடுமுறைத் திட்டத்தில் நான் முதலில் உடைத்தது ஒரு தேநீர்க் கோப்பை. சுவரில் எறிந்தேன். நாங்கள் எந்தக் கிழமை வருகிறோம் என்பதை என்னிடம் கேட்காமலே என் மனைவி சுவிஸில் இருந்த தன் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டாள், அதுதான் காரணம். கோப்பை அவளுடைய தலைக்கு ஒரு முழம் தள்ளிப் பட்டுச் சிதறியது. அவள் தும்புத்தடியை எடுத்துவந்து துண்டுகளைக் கூட்டினாள். முன்னறையில் இருந்த எங்கள் இரண்டு மகள்களும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். எங்கள் வீட்டில் அது பழகிப்போன ஒழுங்கு.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் அடுக்காகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் பஸ் ஓட்டினேன். அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் எங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. அதுவரைக்கும் அகதிப் பத்திரத்தை வைத்துக்கொண்டு எந்த நாட்டு விசாவுக்கும் வரிசையில் நிற்கவேண்டும். நிற்க அலுத்துப் பஞ்சிப்பட்டு எங்குமே போகாமல் இருந்தோம். என் மனைவி தன் தம்பியைக் கண்டு பதினைந்து வருடங்கள். அவன் ஜெனீவா ஏரியின் வடகரையில் ஒரு சிறிய ஊரில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தான். ஏரிக்கு மேலே மலைச்சரிவு முழுவதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். திராட்சையை நாங்கள் ஊரில் முந்திரிகை என்போம். பழம் முற்றும் காலத்தில் அவனும் தோட்டங்களுக்குப் போய் வெட்டிக் கொடுப்பானாம். வைன் செய்வதுதான் அந்த ஊருக்கே தொழில். அவன் அனுப்பிய படங்களை என் மனைவி கணினித் திரையில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்தாள். படத்தில் ஏரியைவிட அவனுடைய முகம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது என்று இப்போது விளங்குகிறது.

கோப்பையை உடைத்த சில நாட்களில் திட்டம் முழுவதையும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னேர ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், மேல்மாடித் தொலைபேசியை எடுத்தபோது கீழே அவள் தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். வைக்கத்தான் போனேன். அவன் கேட்டது காதில் விழுந்தது.

"அக்கா, அத்தான் இப்பவும் கை நீட்டுறவரோ?"

அவள், "முந்தி மாதிரி இல்லை" என்றாள்.

நான் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு ஒரு இளைஞன், கதவைத் திறக்க நான் பிந்திவிட்டேன் என்று, எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பில் காறித் துப்பினான். என் தாயை இழுத்து ஒரு சொல் சொன்னான். நான் காகிதத்தால் துடைத்துவிட்டு, பின்கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக பஸ்ஸை எடுத்தேன். எங்கள் டிப்போவில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர்.

அவள் சொன்னது பொய் இல்லை. முந்தி மாதிரி இல்லைத்தான். கலியாணம் கட்டி வந்த முதல் வருடத்தில் சோற்றில் உப்புக் கூடியதற்கு அறைந்தேன். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். ஒருதரம் அவளுடைய கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன். அதைத் தற்செயல் என்று அவளுக்கே சொல்லி நம்பவைத்தேன். பிள்ளைகள் வளர வளர அடி குறைந்தது. எறிவது கூடியது. அதை நான் திருந்தியதாகக் கணக்கு வைத்திருந்தேன்.

தம்பிக்காரனின் கேள்வியைக் கேட்டது பற்றி நான் அவளிடம் மூச்சும் விடவில்லை. அதற்குப் பதிலாக, அவன் முன்னால் குறை சொல்ல இடமில்லாத ஒரு புருஷனாகப் பதினைந்து நாள் இருந்து காட்டுவதென்று முடிவெடுத்தேன். பஸ் நேர அட்டவணையைப் போலவே கணினியில் ஒன்று செய்தேன். காலை எத்தனை மணிக்கு எழும்புவது, எந்தப் படகில் ஏறுவது, எந்த ரயிலில் திரும்புவது, எங்கே நின்று படம் எடுப்பது எல்லாம் அதில் இருந்தன. திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால் போகும் நடைபாதைக்கு ஒரு முழு நாள். வைன் வடித்து வைக்கும் நிலவறைகள் இரண்டைப் பார்ப்பதற்கு இரண்டு பின்னேரம். நான் பெரிய குடிகாரன் இல்லை. ஆனால் அங்கே போகும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று இணையத்தில் படித்திருந்தேன். மச்சானும் நானும் கிளாஸோடு நிற்கும் ஒரு படம் மனதில் இருந்தது. அச்சடித்த தாள்களைக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

மனைவி அதைப் படித்துவிட்டு, தம்பிக்கு எந்த நாள் லீவு என்று கேட்டுச் செய்திருக்கலாமே என்றாள். அவன்தான் எங்கள் அட்டவணைக்கு லீவு எடுக்கவேண்டும் என்றேன்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இளையவளுக்கு ஒன்பது வயது. மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது மூத்தவள் தண்ணீர் எடுக்க வந்தாள். நான் ஒரு படகின் நேரத்தை மாற்ற வேண்டுமென்று அட்டவணைக்குக் கிட்டப் போனேன். நிலவறை பார்க்கும் இரண்டு பின்னேரங்களும் சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டிருந்தன. இரண்டு கோடு இல்லை. தாள் கிழியும்படி திரும்பத் திரும்ப அழுத்தி வெட்டியிருந்தது.

"ஆர் இதை வெட்டினது?" என்று கேட்டேன்.

"நான்தான்," என்றாள் மூத்தவள். என்னோடு அவள் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "அங்க போய் நீங்கள் குடிச்சால் மாமாவுக்கு முன்னால அம்மாவுக்கு அடிப்பீங்கள்."

குடித்துவிட்டு நான் எப்போதாவது உன் அம்மாவுக்கு அடித்திருக்கிறேனா என்று கேட்டேன். உண்மையாகவே நான் அடித்ததெல்லாம் குடிவெறியில்லாமல்தான். வழக்கில் வென்றுவிட்ட மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அப்பா," என்றாள். "நீங்கள் குடிக்காமலேதான் அடிக்கிறனீங்கள்."

என் வலது கை அவளுடைய இடது காதில் விழுந்தது. முழு வீச்சில் அடித்தேன். அவள் பக்கவாட்டில் போய் குளிர்சாதனப் பெட்டியின் விளிம்பில் நெற்றி அடிபட்டு நிலத்தில் இருந்தாள். கையில் இருந்த கிளாஸ் உடைந்து தண்ணீர் ஓடியது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காக இரண்டாம் தரம் அடித்தேன். இளையவள் மேசைக்குக் கீழே போனாள்.

"விடுங்கோ," என்றாள் மனைவி. ஒரே ஒருதரம்தான் சொன்னாள்.

மூன்றாம் தரம் கையை ஓங்கினேன். தோசைக்கல் என் முன்கையில் இறங்கியது. அடுப்பில் இருந்து அப்படியே எடுத்த இரும்புக்கல். அதில் வெந்துகொண்டிருந்த ரொட்டி பறந்து யன்னலில் ஒட்டியது. எலும்பு முறிந்த சத்தத்தை முதலில் கேட்டேன். தோல் வெந்த மணம் பிறகு வந்தது. நோவு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. நான் முழந்தாளில் விழுந்தேன். அவள் மறுபடியும் கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னொருக்கா அவளைத் தொட்டால் உன்ர மண்டையிலதான் இறக்குவன்."

பதினைந்து வருடமாக என்னை நீங்கள் என்று மட்டும் சொன்னவள். அவளுடைய உள்ளங்கைகளும் கல்லின் பிடியில் வெந்திருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை. இந்தப் பயத்தோடுதான் அவள் இத்தனை வருடம் சமைத்தாள், படுத்தாள், எழும்பினாள் என்று நான் அந்த நேரம் நினைக்கவில்லை. அது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. அந்த நேரம் நினைத்தது, இவளை எப்படிப் பழிவாங்குவது என்றுதான்.

மேசைக்குக் கீழே இருந்த இளையவள் தொலைபேசியைத் தன்னோடு கொண்டுபோயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் அவள் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்வது கேட்டது.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மூத்தவளை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் கொண்டுபோனார்கள். மகளைப் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். தாதியோடு அவர் கதைத்தபோது உச்சரிப்பை வைத்துத் தமிழ்நாட்டுக்காரி என்று பிடித்துவிட்டேன். என் திரைச்சீலைக்கு அருகில் அவர் வந்தபோது, நீங்கள் தமிழோ என்று கேட்டேன். ஆமா என்றார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிள்ளை ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றும், பிடிக்கப் போய் நானும் விழுந்தேன் என்றும் சொன்னேன். நீங்கள் எங்கட ஆள், இதைப் பெரிசாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். முன்கையில் தோசைக்கல்லின் வளைவு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"உங்க பொண்ணுகிட்ட தனியா பேசிட்டேன்," என்றார். "அவ செவிப்பறை கிழிஞ்சிருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லிட்டா. நான் ரிப்போர்ட் எழுதியே ஆகணும்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார்.

பொலிஸ் வந்தது. கைக்கு மாவுக்கட்டுப் போட்ட பிறகு என்னை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இனிச் சொல்லப்போவதை நான் எந்த உறவினரிடமும் சொன்னதில்லை. மகளை அடித்ததை ஒப்புக்கொண்டேன். அதை மறைக்க வழி இருக்கவில்லை. உடனே, கேட்காமலே, என் மனைவிதான் சுடுகிற இரும்பால் அடித்து என் கையை முறித்தாள் என்றும் சொன்னேன். அவளுக்கும் கோபம் பொல்லாதது என்றேன். முன்பும் அடித்திருக்கிறாள் என்று ஒரு பொய்யும் சேர்த்தேன். இரண்டு பேரிலும் பிழை என்று வந்தால் கண்டித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு.

அவர்கள் அவளையும் கொண்டுவந்தார்கள். வெந்த கைகளுக்குக் கட்டுப் போட்ட கையோடு கூட்டிவந்ததாகப் பிறகு அறிந்தேன். தகப்பனும் தாயும் விசாரணையில் இருந்ததால், கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவில் இருந்து வந்த ஒரு பெண்மணி மகள்கள் இருவரையும் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் அவர்கள் அங்கே இருந்தார்கள். இளையவள் அந்த வீட்டில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். விசாரணையில் என் மனைவி எதையும் மறுக்கவில்லை. ஓம், நான்தான் அடிச்சனான், பிள்ளைக்கு இன்னொரு அடி விழுந்திருந்தால் திரும்பவும் அடிச்சிருப்பன் என்றாளாம். பிள்ளையைக் காக்கத்தான் செய்தாள் என்று அவள்மீது வழக்குப் போடாமல் விட்டார்கள்.

எனக்கு வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சிறைக்கு அனுப்பவில்லை, வீட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது, வீட்டில் கை நீட்டும் ஆண்களைத் திருத்தும் வகுப்புக்கு வாரத்தில் ஒரு நாள் போகவேண்டும் என்று தீர்த்தார்கள். பஸ் வேலை போனது. ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை எடுத்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு ஆண்கள் வட்டமாக இருந்தோம். நடத்தியது ஒரு ஆங்கிலேயப் பெண். என் முறை வந்தபோது, இருபது வயதில் இராணுவ முகாமில் மூன்று மாதம் வைத்து என்னை அடித்த கதையைச் சொன்னேன். மண் நிரப்பிய குழாயால் அடித்தார்கள். அது உண்மை. முதுகில் தழும்பு இருக்கிறது. அவர் முழுவதையும் கேட்டார். அந்த ஆட்களில் யாரையாவது நீங்கள் திருப்பி அடித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பஸ்ஸில் துப்பியவனை? இல்லை. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் அவர்மீது வந்த கோபத்தில் அறை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஓகஸ்டில் அவர்கள் மூவரும் விமானம் ஏறினார்கள். டிக்கெட் நான் எடுத்தது என்பதால் புறப்படும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கட்டிலில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு எழும்பி, மாவுக்கட்டு இல்லாத கையால் அலுமாரிக் கதவைக் குத்தினேன். பலகை உடைந்து கை உள்ளே போனது. சிராய் ஏறிய விரல்களில் இருந்து ரத்தம் வழிந்தது. கீழே கடைக்காரர் மேல் நோக்கிக் கூப்பிட்டு என்ன சத்தம் என்று கேட்டார். அலுமாரி விழுந்துவிட்டது என்றேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் படத்தில் கண்ட முகம். அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவனும் லண்டனுக்கு வந்திருந்தான். நான் நினைத்ததைவிட உயரம் குறைந்தவன். கடை வழியாக வந்து குறுகின மாடிப்படியின் உச்சியில் நின்றான்.

"அத்தான்," என்றான், மரியாதை குறையாமல். "ஒண்டு கேக்கத்தான் வந்தனான். அக்காவைப் பொலிசில காட்டிக் குடுத்தனீங்களோ, இல்லையோ?"

"அவ என்ர கையை முறிச்சவ," என்றேன்.

அவன் என் மூக்கில் குத்தினான். கையைக் கட்டிக்கொண்டு வாங்கினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நான் அவனுடைய தோளில் பாய்ந்து விழுந்தேன். என் வலது கை இன்னும் சரியாகத் தேறவில்லை. அதனால் அவனுடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக்கரித்தது. அவன் என் முறிந்த கையைத் தேடிப் பிடித்து முறுக்கினான். இருவரும் கட்டிப் பிடித்தபடி படிகளில் உருண்டு, கடையின் பின்பக்கத்தில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளில் போய் விழுந்தோம். அங்கேயும் அவன் என் விலாவில் உதைத்தான். நான் அவனுடைய காதைப் பிடித்து இழுத்தேன். கடைக்காரர் வந்து, நிலம் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை எங்கள் மேலே ஊற்றினார். பிறகு இருவரையும் பின்முற்றத்துக்குத் தள்ளிக் கதவைப் பூட்டினார்.

அங்கே காலிப் பெட்டிகளுக்கு நடுவே இருந்து இருவரும் மூச்சு இளைத்தோம். என் மூக்கு நிற்காமல் வழிந்தது. அவன் கழுத்தைப் பொத்திக்கொண்டு இருந்தான். அந்தப் புறங்கையில், சமையலறையில் பட்ட பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. அவன்தான் முதலில் பேசினான்.

"வந்த அடுத்த நாளே அக்கா முந்திரிகைத் தோட்டத்து மதிலோரம் துவாயை விரிச்சுப் படுத்தவ. பின்னேரம் வரைக்கும் எழும்பேல்லை. செத்துப்போனாவோ எண்டு பயந்து நான் மூக்கில கை வைச்சுப் பாத்தனான்." சட்டையால் கழுத்தைத் துடைத்தான். "பதினைஞ்சு நாளும் அப்பிடித்தான் படுத்தவ. படகும் ஏறேல்லை, ஒண்டும் பாக்கேல்லை."

அவள் பகலில் படுத்து நான் கண்டதே இல்லை. அவன் எழும்பி, பின்கதவால் தெருவுக்குப் போனான். நான் பொலிசுக்குச் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல ஏலாது, கடித்தது நான்.

அதற்கு அடுத்த வருடம் விவாகரத்து முடிந்தது. இளையவளை மாதம் இரண்டு தரம், வேறு ஒருவர் கூட இருக்கும் ஒரு மண்டபத்தில் சந்திக்க விட்டார்கள். முதல் சந்திப்பில் அவள் ஏரியைப் பற்றிச் சொன்னாள். மரத்தாலான பாலத்தில் இருந்து ஓடிவந்து தண்ணீரில் குதித்ததாகவும், தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்ததாகவும் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாள். அக்காவும் குதித்தாளா என்று கேட்டேன். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தபடியால் அக்கா கரையில் இருந்து எல்லாருடைய உடுப்புகளையும் பார்த்துக்கொண்டாள் என்றாள். சொல்லிவிட்டுத் தன் பையில் இருந்த இனிப்பு ஒன்றை எனக்குத் தந்தாள்.

மூத்தவள் ஆறு வருடம் என்னைப் பார்க்க மறுத்தாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் உள்ள ஒரு தேநீர்க் கடைக்கு வரும்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். நான் ஒரு மணித்தியாலம் முந்தியே போய் இருந்தேன். அவள் வந்து, தன் வலது பக்கத்துக் கதிரையைக் காட்டி என்னை அங்கே மாறி இருக்கச் சொன்னாள். காரணம் கேட்கவில்லை, தெரிந்தது.

"மன்னிப்புக் கேக்கப் போறீங்கள் எண்டால் நான் இப்பவே எழும்பிப் போயிடுவன்," என்றாள். "அதைக் கேட்டு வைச்சுக்கொள்ள எனக்கு ஏலாது."

ஆறு வருடமாக அதற்கென்று சொற்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். விழுங்கினேன். அவள் தன் படிப்பைப் பற்றியும், கூட இருக்கும் தோழிகளைப் பற்றியும், அம்மா வேலைக்குப் போகத் தொடங்கியதைப் பற்றியும் சொன்னாள். நான் களஞ்சியத்தில் பார்சல் பிரிக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன். மேசையில் ஒரு கரண்டி தவறி விழுந்த சத்தத்துக்கு அவளுடைய தோள் துள்ளியது. நான் குனிந்து எடுக்கப் போனேன். கை அவள் பக்கமாக நீண்டதும் அவள் கதிரையோடு பின்னால் நகர்ந்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். கரண்டி கீழேயே கிடந்தது. பரிமாறும் பெண் வந்து எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகும் வருகிறாள். வருடத்தில் இரண்டு தரம், சிலவேளை மூன்று. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவாள். பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வரட்டுமா என்று ஒருதரம் கேட்டேன். வேண்டாம் என்றாள்.